பாகம் பிரித்த கீபோர்டு

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது என்று நான் முடிவு செய்தது கல்லூரிக் கடைசி வருடத்தில். எதை வாங்குவது என்பதை மட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் முடிவு செய்ய முடியவில்லை. ஒன்று பிடித்துப்போய் வாங்கும் பொத்தான் வரை போவேன். அதற்குள் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு வீடியோவில் அதன் ஸ்பேஸ் பார் லொடலொடவென்று ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான், அடுத்ததற்குத் தாவிவிடுவேன். காரிமங்கலம் சந்தையில் எல்லா மாட்டின் பல்லையும் பிடித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஏதோ ஊரில் ஏதோ பொருள் வாங்கியவர்கள் சாட்டில் வந்து கோபப்படுவார்கள், நான் பணிவாகப் பதில் தட்டச்சு செய்ய வேண்டும். பகல் முழுக்க இது. சாயங்காலம் ஆனால் துப்பாக்கி எடுத்துக்கொண்டு கேமுக்குள் இறங்கிவிடுவேன். பகலுக்கும் சாயங்காலத்துக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு வேண்டும், அதுதான் சிக்கல்.

கீபோர்டு என்றதும் எல்லோரும் மேலே இருக்கும் எழுத்தைப் பார்க்கிறார்கள். விஷயம் எழுத்துக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனித்தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். சிவப்பு சுவிட்ச் என்றால் விரல் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தமும் அதிகம் வராது. கேமுக்கு அதுதான். நீலம் என்றால் பாதி வழியில் ஒரு சின்னத் தடை, கூடவே ‘டிக்’ என்று ஒரு சத்தம். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். தட்டச்சு செய்கிறவர்களுக்கு அது உயிர். பழுப்பு இரண்டுக்கும் நடுவில். நடுவில் இருப்பதாலேயே இரண்டு கட்சிக்காரர்களும் அதைத் திட்டுகிறார்கள். நான் காலையில் நீலக் கட்சி, மாலையில் சிவப்புக் கட்சி. சாப்பிடும்போது பழுப்புப் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

இப்படி நான் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பாலக்கோடு மண்டியில் தக்காளி போட்டுவிட்டு வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாளாம், வக்கீல் ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறாராம். அப்பா சொன்னது எனக்காக. சாட்டில் திட்டு வாங்குவதற்குப் பதில் பக்கத்து ஊரில் கௌரவமாக ஒரு வேலை பார்க்கலாமே என்று அவருக்கு ஒரு எண்ணம். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா கேட்டாள், “நான் போலாமா?”

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். பத்தாவது முடித்ததும் டைப் கிளாசுக்கு அனுப்புவது அப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் வழக்கம், அவளையும் அனுப்பினார்கள். இரண்டு சர்டிபிகேட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. அதற்கப்புறம் கல்யாணம், அதற்கப்புறம் தக்காளித் தோட்டம். அப்பா மறுபடி, நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார்.

“கல்யாணம் ஆனதுல இருந்து குனிஞ்சேதான் நிக்கறேன். கொஞ்சம் உக்காந்துதான் பாக்கறேனே.”

அப்பா அடுத்த முறை பாலக்கோடு போனபோது வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தார். இந்த மாதக் கடைசியில் ஒரு நாள் வரச் சொல்லுங்கள், சொல்லச் சொல்ல ஒரு பத்திரம் அடிக்கட்டும், சரியாக வந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் தருமபுரியிலிருந்து ஒரு பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றாராம் வக்கீல்.

அன்றைக்கே என் மடிக்கணினியில் அம்மாவை உட்கார வைத்தேன். தமிழை நான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத்தான் வரவழைப்பேன். அம்மாவுக்காகப் பழைய தமிழ் டைப்ரைட்டரின் எழுத்து வரிசையை நிறுவிக் கொடுத்தேன். அம்மா முதுகை நிமிர்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். மேஜை ஆடியது. திரை ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டியது. வரி முடிகிற இடத்தில் அவள் இடது கை தானாக எழுந்து, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குத் தள்ளுகிற, இங்கே இல்லாத கம்பியைத் தள்ளிவிட்டு வந்தது. முதல் தடவை என் டீ டம்ளர் போயிற்று. அப்புறம் அந்தப் பக்கம் நான் எதையும் வைப்பதில்லை.

எழுத்துகள்தான் சரியாக விழவில்லை. சில இடத்தில் விடுபட்டிருந்தன, சில இடத்தில் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. ஒரு எழுத்து தப்பினால் அம்மா அதை அழிக்க மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, புதுப் பக்கம் வை என்பாள். பேக்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கிறது என்று காட்டினேன். பரீட்சையில் அழித்தால் மார்க்கைக் குறைப்பார்கள் என்றாள். எந்தப் பரீட்சை என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து அடித்தாள், மறுபடி தப்பினாள். கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

“அடிச்சா அடிச்ச மாதிரியே இல்ல புள்ள. எங்க போயி வுழுந்துச்சுன்னே தெரியல.”

எனக்கு அது எப்படிக் கேட்டது என்று சொல்லவே வேண்டாம். இத்தனை மாதம் நான் வீடியோவில் பார்த்ததையெல்லாம் அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். மெக்கானிக்கல் என்று கத்தினேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு சுவிட்சின் சத்தத்தையும் போனில் போட்டுக் காட்டினேன். சிவப்பைக் கேட்டுவிட்டு, இது மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பழுப்புக்கு உதட்டைப் பிதுக்கினாள். நீலத்துக்கு வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கி, காதில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள்.

போனில் கேட்டு வாங்கக்கூடாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடுத்த நாளே அவளை தருமபுரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். இரண்டு கடையில் மெக்கானிக்கல் என்ற சொல்லே தெரியவில்லை. மூன்றாவது கடைக்காரர் தெரியும் என்றார். உள்ளே போய் வானவில் நிறத்தில் மின்னுகிற ஒன்றை எடுத்து வந்து வைத்தார். நான் ஒரு எழுத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெறும் ரப்பர்.

“இது மெக்கானிக்கல் இல்லைங்களே.”

“லைட்டு எரியுது பாருங்க. மெக்கானிக்கல்தான்.”

நான் அவரோடு வாதாட ஆரம்பித்திருந்தேன். அதற்குள் அம்மா அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கடையின் சுவரைப் பார்த்தபடி அடிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடிக் கவுண்டர் அதிர்ந்து, மேலே அடுக்கியிருந்த பென் டிரைவ் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கடைக்காரர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, “என்னங்க்கா, அது மேல அப்பிடி என்ன கோவம்?” என்று கேட்டார். அம்மா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, “இதுக்கு உசுரு இல்லீங்க,” என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் சிரித்துக்கொண்டு வந்தேன். அவள் முழங்கால் மேல் பையை வைத்து, அதன் மேல் விரல்களால் எதையோ அடித்துக்கொண்டே வந்தாள்.

நாள் குறைவாக இருந்தது. நீலம் வாங்கினால் அம்மாவுக்குச் சரி, எனக்கு கேம் போச்சு. சிவப்பு வாங்கினால் அம்மாவுக்கு என் மடிக்கணினியே மேல். இரண்டு வாங்கலாமே என்றார் அப்பா, விலையைக் கேட்டதும் அந்த யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான எண்ணம் வந்தது. சில கீபோர்டுகளில் சுவிட்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேறு சுவிட்ச் குத்திக்கொள்ளலாம். கேமில் நடக்கவும் ஓடவும் எனக்கு வேண்டியது நாலே எழுத்து: W, A, S, D. அந்த நாலுக்கு மட்டும் சிவப்பு. மீதியெல்லாம் நீலம், எல்லாம் அம்மாவுக்கு.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, பாகம் பிரிக்கிறியா என்றாள். எங்கள் பக்கம் நிலத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும்போது, நல்ல மண் யாருக்கு, கிணறு யாருக்கு, வரப்பு எது வரைக்கும் என்று பேசிப் பேசியே மழை வந்து போய்விடும். நாங்கள் ஒரு காபி குடிப்பதற்குள் பிரித்துவிட்டோம். எனக்கு நாலு எழுத்துதானே, அதுவும் ஓரத்தில்தானே என்று நான் சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

பார்சல் வந்த அன்று கொரியர்காரர் வழக்கம்போல் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டில் நின்று போன் செய்தார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பெட்டியைப் பிரித்து, நாலு நீலத்தைப் பிடுங்கி, தனியாக வாங்கியிருந்த சிவப்பைக் குத்தி, எல்லாவற்றையும் மூடி, அம்மாவை உட்கார வைத்தேன். முதல் வரி முடியும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு முழுக்க சத்தம். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அப்பா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறதே, எப்படி அடிப்பாள் என்று பிறகு கேட்டார். அவள் கீபோர்டைப் பார்த்தால்தானே அது தெரியும்.

சாயங்காலம் என் முறை. விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது, நானும் ஓடினேன். எங்கள் அணிக்கு ஒரு கேப்டன் உண்டு. பொம்மிடிக்காரன், கல்லூரியில் எனக்கு மூத்தவன். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காதால் கேட்டே சொல்லிவிடுவான். நான் துப்பாக்கியில் குண்டு மாற்றினாலும், குனிந்தாலும், வேறு எது செய்தாலும் அது நீலச் சுவிட்ச்தான், அந்த ‘டிக்’ எல்லாம் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“ஏய், சண்டைக்கு நடுவுல யாரு வூட்டுல கடுகு தாளிக்கறது?”

மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம். நான் மைக்கை அணைத்துவிட்டு ஆடப் பழகினேன். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, அம்மாவுக்கு ஆகிறது அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில நாள் பிடித்தது. அம்மா நன்றாக ஓடிக்கொண்டிருப்பாள், திடீரென்று தடுக்கி விழுந்த மாதிரி நிற்பாள். மறுபடி ஓடுவாள், மறுபடி நிற்பாள். வேகம் ஏற ஏற நிற்பதும் கூடியது. பழக்கம் விட்டுப்போயிற்று, வயதாகிவிட்டது என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். ஒரு மத்தியானம் நான் சாட்டில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பக்கத்திலிருந்து அவள் கையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். ‘மேற்படி’ என்ற சொல்லில் ‘ற’ இரண்டு தடவை விழுந்திருந்தது. ‘அவர்கள்’ என்பதில் இரண்டு ‘ள’. ‘என்பவரின்’ என்பதில் முதல் ‘ன்’ ஒன்றாகவும் கடைசி ‘ன்’ இரண்டாகவும் இருந்தது.

டைப்ரைட்டர் வரிசையில் W இருக்கும் இடம் ‘ற’. A இருக்கும் இடம் ‘ய’. S ‘ள’, D ‘ன’. நான் ஓரத்தில் நாலு எழுத்து என்று எடுத்துக்கொண்டது தமிழில் வரிக்கு வரி வருகிற நாலு எழுத்தை. அவை மட்டும் சத்தம் கொடுக்கவில்லை. சத்தம் வராததால் விழவில்லை என்று அவள் விரல் இன்னொரு தடவை அடித்தது. அடித்த பிறகு, விழுந்திருக்குமோ என்று நின்றது. பிரிக்கும்போது நாங்கள் இரண்டு பேருமே இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துத்தான் பிரித்திருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கையை எடுத்து அந்த நாலையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். “அதான பாத்தேன்,” என்றாள். பிறகு, “இருக்கட்டும் வுடு, ஓரத்துல நாலுதான. பழகிக்கறேன்,” என்றாள். வக்கீலைப் பார்க்க வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. பழக மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் அப்போதே பிடுங்க ஆரம்பித்தேன். அவசரத்தில் சிவப்பு நாலும் வந்துவிட்டன, நீலத்தைத் திரும்பக் குத்தும்போது ஒன்றின் ஊசிக்கால் மடங்கியது. அம்மாவின் தையல் ஊசியால் அதை நிமிர்த்தப் போனேன், உடைந்தது. கையில் மூன்று நீலம், குழி நாலு. என்ன செய்வதென்று வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன். அப்புறம் கீபோர்டின் வலது மேல் மூலை கண்ணில் பட்டது. ஸ்க்ரோல் லாக். அது எதற்கு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதன் நீலத்தைப் பிடுங்கி ‘ற’வுக்குக் குத்தினேன். காலியான குழியில் என் சிவப்பு ஒன்று போயிற்று. பாகத்தில் கடைசியில் எனக்குக் கிடைத்தது அந்த மூலை.

அம்மா உட்கார்ந்தாள். ‘மேற்படி’ நிற்காமல் போயிற்று. ஒரு பக்கம் முழுதாக அடித்து முடித்துவிட்டு, இடது கையை ஒரு தள்ளுத் தள்ளி, என்னைப் பார்க்காமலே, இன்னொரு பக்கம் வை என்றாள்.

வக்கீல் சொன்ன நாளில் அவளை ஸ்கூட்டியில் கூட்டிப் போனேன். மண்டி நாள். தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகள் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து போக வேண்டியிருந்தது. பின்னால் அவள் கீபோர்டைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, குழந்தையைப் பிடிப்பது போல மடியில் பிடித்திருந்தாள். மெதுவாப் போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாடி ஆபீசில் வக்கீல் இருந்தார், கேஸ் விஷயமாக வந்த இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். மூலையில் கம்ப்யூட்டர், அதன் கீபோர்டு மேல் பாலிதீன் உறை. அம்மா பையைத் திறந்ததும் வக்கீல், இங்கேதான் இருக்கிறதே, எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்றார். கைக்குப் பழகிவிட்டது என்றாள் அம்மா. நான் வயரை மாட்டிவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தேன்.

வக்கீல் நடந்துகொண்டே சொன்னார். ஒரு நிலத் தகராறு நோட்டீஸ். அம்மா நிமிர்ந்து, கண்ணைக் காலண்டரில் வைத்து, அடித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். வக்கீலின் நடை மெல்ல மெல்ல அந்தச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. அவர் வேகமாகச் சொன்னால் அதுவும் வேகமாக வந்தது. அவர் யோசிக்க நின்றால் அதுவும் நின்றது. ஒரு பக்கம் முடிந்தது.

அப்போது அவருக்குப் போன் வந்தது. காதில் வைத்தபடியே, இரண்டாவது பாராவில் தம்பி பெயருக்குப் பதில் அண்ணன் பெயர் போடுங்கள் என்று அம்மாவிடம் கையைக் காட்டினார். ஒரே ஒரு பெயர். அழித்துவிட்டுப் போட்டால் முடிந்தது. அம்மா புதுப் பக்கம் திறந்தாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். பேக்ஸ்பேஸ் என்று வாயசைத்தேன். அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சொல்லிலிருந்து மறுபடி முழு நோட்டீசையும் நினைவிலிருந்தே அடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர், என்னம்மா மறுபடியும் மொதல்ல இருந்தா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். வக்கீல் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். ஒரு காதைப் பொத்தினார். அப்புறம் பேசுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

சத்தம் நின்றதும் திரையருகே வந்து குனிந்து படித்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். “பழசுலயே திருத்தியிருக்கலாமேம்மா,” என்றார்.

“அதுக்குள்ள அடிச்சுட்டேங்க சார்.”

அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். தப்பு தேடுகிறார் என்று தெரிந்தது. அம்மா கையை மடியில் வைத்திருந்தாள். விரல்கள் மட்டும் சேலைக்குள் அசைந்துகொண்டிருந்தன.

“நான் போன்ல இருக்கும்போது மட்டும் அடிக்காதீங்க. அந்தப் பக்கம் இருக்கறவர், என்ன சார் உங்க ஊர்ல ஆலங்கட்டி மழையான்னு கேக்கறார்,” என்றார் வக்கீல். “திங்கக்கெழம காலைல வந்துருங்க.”

நான் முதலில் கீழே இறங்கி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அம்மா வந்து பின்னால் உட்கார்ந்தாள். பாதி வழியில்தான் முதுகில் எதுவும் இடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கட்டைப்பை மடித்து அவள் இடுப்பில் இருந்தது.

“கீபோர்டு எங்கம்மா?”

“அங்கயே வச்சுட்டேன். தெனமும் பஸ்ல தூக்கிட்டு அலையச் சொல்றியா?”

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும், “அங்க இருந்த அந்த ரப்பர் பலகைய வேணுன்னா நீ எடுத்துக்கோ புள்ள. சார் குடுத்துருவாரு,” என்றாள். சிரித்தாளா இல்லையா என்று கண்ணாடியில் பார்க்க முடியவில்லை, அவள் முந்தானை பறந்து மறைத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் காரிமங்கலத்திலிருந்து வருகிற பஸ்ஸில் தனியாகப் போனாள். நான் மடிக்கணினியைத் திறந்து வேலையில் உட்கார்ந்தேன். முதல் ஆள் கோபமாக வந்தார். வணக்கம் என்று அடித்தேன். விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். இரண்டு வணக்கம் போயிற்று. அவர் இன்னும் கோபப்பட்டார். என் இடது கைப்பக்கம் ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியில் மூன்று சிவப்பு சுவிட்சுகள் கிடந்தன. அவர் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், இன்னொன்றை அமுக்கிப் பார்த்தேன். பிறகு பக்கத்திலேயே இன்னொரு டேப் திறந்து, நீலத்துக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்று மறுபடி தேட ஆரம்பித்தேன்.